வேகமும் வலிமையும் இல்லாத விலங்குகள் கூர்ப்பில் எவ்வாறு நிலைத்தன?

மதி (வெள்ளவத்தை)

கூர்ப்பைப் பற்றிப் பேசும்போது சிறுத்தையின் பாய்ச்சலையும் கழுகின் பார்வையையும் எடுத்துக்காட்டிவிட்டு நிறுத்திக்கொள்வது நமது வகுப்பறைகளில் வழக்கமாகிவிட்டது. உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் கற்பிக்கும் எனக்கு இது நெடுநாளைய மனக்குறை. ஓட முடியாதது, கடிக்க முடியாதது, ஒரு பிடிக்குள் அடங்கிவிடுவது என்று நாம் இரக்கத்தோடு பார்க்கும் விலங்குகள் இன்றும் காட்டிலும் கடலிலும் நிறைந்திருக்கின்றன. அவை தப்பிப் பிழைத்த மிச்சங்கள் அல்ல என்பதை இந்த இழையில் எடுத்துப் பேச விரும்புகிறேன். “தக்கன பிழைத்தல்” என்ற தொடரை ஆங்கில மெய்யியலாளர் ஹேர்பட் ஸ்பென்சர் 1864 இல் எழுதினார். டார்வின் அதனை 1869 இல் தமது “உயிரினங்களின் தோற்றம்” நூலின் ஐந்தாம் பதிப்பில் எடுத்துக்கொண்டார். இயற்கைத் தேர்வுக்கு வேகம் ஓர் அளவுகோலே அன்று. இன்ன சூழலில் எந்த உயிர் கூடுதலான வாரிசுகளை விட்டுச் செல்கிறது என்ற ஒன்றே அங்கு கணக்கு.

நமது தீவின் தென்மேற்கு ஈரவலயத்துக்கே உரிய சிவப்புத் தேவாங்கிலிருந்து தொடங்குகிறேன். 200 கிராமுக்கும் குறைந்த எடை, வாலில்லாத உடல், குச்சி போன்ற கைகால்கள், முகத்தின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்ட கண்கள். இரவில் கிளையின்மேல் அது நகர்வதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஒரு கையை எடுத்து அடுத்த கிளையைப் பற்றி, பிடி உறுதியான பின்னரே மறு கையை விடுவிக்கும். இலை அசையாது, கொப்பு ஆடாது. ஆனால் பூச்சி எட்டும் தூரத்தில் வந்தவுடன் பின்னங்கால்களால் கிளையைப் பற்றியபடி முன்னுடலை நீட்டி இரு கைகளாலும் கவ்விக்கொள்ளும் அந்தக் கணத்தில் மந்தத்தின் சாயலே இருக்காது.

அதன் கையை மட்டும் உற்றுப் பார்த்தால் போதும். சுட்டுவிரல் மிகவும் குறுகிக் குட்டையாகிவிட்டது. பெருவிரல் ஏனைய விரல்களிலிருந்து நன்கு விலகி எதிர்ப்புறமாக நிற்கிறது. இதனால் கை ஒரு குறடாகவே மாறிவிடுகிறது. கைகால்களுக்குச் செல்லும் குருதிக்கலன்கள் ஒற்றைக் குழாயாகச் செல்லாமல் நுண்ணிய வலையாகப் பிரிந்து செல்கின்றன. மணிக்கணக்கில் ஒரே கிளையைப் பற்றியிருந்தாலும் தசை சோர்ந்து விடாமலிருப்பதற்கு இந்த வலையே துணைசெய்கிறது என்பது நெடுங்காலமாகச் சொல்லப்படும் விளக்கம். கண்ணின் பின்புறத்தில் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் இருப்பதால் நட்சத்திர வெளிச்சமே அதற்குப் போதுமானது.

அதன் அனுசேப வீதம், அதாவது உடல் சக்தியைச் செலவிடும் வேகம், அதன் பருமனுள்ள ஒரு முலையூட்டிக்கு எதிர்பார்க்கப்படுவதைவிடக் குறைவு. பிற விலங்குகள் தொடாத நச்சுப் பூச்சிகளையும் கடியெறும்புகளையும் அது உண்கிறது. மந்தமான உடலே அந்த நஞ்சைச் சமாளிக்க இடம்தருகிறது என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அப்படியானால் வேறு எவரும் போட்டிக்கு வராத ஓர் உணவுக் களஞ்சியம் அதன் வசம் இருக்கிறது.

மற்றவர்கள் தாங்கள் அறிந்த விலங்குகளைக் கொண்டு இதனை விரித்துச் சொன்னால் மகிழ்வேன்.

உயர்தர மாணவன்

மதி ரீச்சருக்கு வணக்கம். அசையாமல் இருப்பதால் இரைகௌவியின் கண்ணில் படுவதில்லை என்பது தேவாங்குக்குப் பொருந்துகிறது. ஆனால் கண்டுபிடிக்கப்பட்ட பின்னர் என்ன செய்வது? கடலட்டை போன்ற விலங்கை யார் வேண்டுமானாலும் கையால் பொறுக்கி எடுக்கலாமே? அதற்கு ஓட்டமும் இல்லை, ஓடும் இல்லை, பல்லும் இல்லை.

மன்னார்க் கடல்

தம்பி கேட்டது எனக்கு மிகவும் நெருக்கமான விடயம். இப்பொழுது கொட்டாஞ்சேனையில் இருந்தாலும், கடலட்டை பிடிப்பதையும் அவிப்பதையும் காயவைப்பதையும் பார்த்து வளர்ந்தவன் நான். நம்மவர்கள் அதை உண்பதில்லை. அவித்து உலர்த்திச் சிங்கப்பூருக்கும் ஹொங்கொங்குக்கும் அனுப்பிவிடுகிறார்கள். ஆகவே நம்மிடையே பலருக்கு அது சாக்கில் கிடக்கும் கறுத்த, இறுகிய ஒரு பண்டமாகவே அறிமுகமாகியிருக்கிறது. உயிரோடு கையில் எடுத்துப் பார்த்தவர்களின் அறிவு வேறு.

மணலிலிருந்து எடுத்த கணத்தில் அது மிருதுவாக இருக்கும். விரலால் அழுத்தியவுடன் தோல் இறுகத் தொடங்கி, சற்று நேரத்தில் உள்ளங்கையில் ஒரு மரக்கட்டையை வைத்திருப்பதைப் போன்ற உணர்வு வந்துவிடும். நீண்ட நேரம் நீருக்கு வெளியே கவனிப்பாரற்று விட்டுவிட்டாலோ, அதே உடல் தளர்ந்து, வடிவம் குலைந்து, கூழாக வழியத் தொடங்கிவிடும். இது தசையின் வேலை அன்று. கடலட்டை சேர்ந்த முட்தோலிகள் என்ற விலங்குக் கூட்டத்தின் தோலில் உள்ள கொலாஜன் என்ற புரத நார்கள் ஒன்றோடொன்று கோத்திருக்கும் விதத்தை நரம்புகளின் கட்டளையால் நொடிகளில் மாற்றிக்கொள்ள முடியும். நார்களை இணைத்து இறுக்கும் டென்சிலின் என்ற புரதத்தையே ஆய்வாளர்கள் இனங்கண்டுள்ளார்கள். நமது தசைநாண்களும் கொலாஜனால் ஆனவைதாம். ஆனால் அவற்றை இறுக்கவும் இளக்கவும் நம்மால் இயலாது. கடலட்டை இளகிப் பாறை இடுக்கினுள் நுழைந்து, உள்ளே போன பின்னர் இறுகிக்கொண்டால் அதை வெளியே இழுப்பது எந்த மீனுக்கும் எளிதன்று. இறுகி நிற்பதற்குத் தசையைச் சுருக்கிக்கொண்டேயிருக்க வேண்டியதில்லை என்பதால் அதற்குச் செலவாகும் சக்தியும் மிகக் குறைவு.

அதையும் மீறித் தாக்கினால் சில இனங்கள் தமது குடலையே வெளியே தள்ளிவிடுகின்றன. தாக்க வந்தது அதில் மினக்கெட, உடல் தப்பிவிடுகிறது; இழந்த உறுப்புகள் சில வாரங்களில் மீண்டும் வளர்ந்துவிடும். வேறு சில இனங்கள் மலவாயின் வழியாக வெண்ணிற நூல்களைப் பீய்ச்சுகின்றன. அவை நீரில் பல மடங்கு நீண்டு, தொட்டதை எல்லாம் ஒட்டிக்கொள்ளும். நண்டொன்று அதில் சிக்கினால் கால்களை விடுவித்துக்கொள்ளவே பெரும்பாடு படும். தோலில் ஹோலோதுரின் என்ற நஞ்சும் உண்டு.

கடலட்டை சுவாசிப்பதும் மலவாயின் வழியாகத்தான். உள்ளே மரக்கிளைபோல் விரியும் இரு சுவாச உறுப்புகளுக்குள் நீரை இழுத்து வெளிவிடுகிறது. அந்த வழியாகவே மெல்லிய உடல்கொண்ட ஒருவகை மீன் உள்ளே புகுந்து குடியிருக்கிறது. அக்டினோபைகா என்ற பேரினத்தைச் சேர்ந்த கடலட்டைகளின் மலவாயைச் சுற்றி ஐந்து கடினமான பற்கள் அமைந்திருக்கின்றன. அந்த மீனைத் தடுப்பதற்காகவே அவை கூர்ப்படைந்தன என்று சொல்பவர்கள் உண்டு. எதற்காகத் தோன்றியிருந்தாலும், பல்லே இல்லை என்று தம்பி எண்ணிய விலங்குக் கூட்டத்தில் பற்கள் இருக்கின்றன. எதிர்பாராத இடத்தில் இருக்கின்றன.

இயல் ஆய்வன்

ஓய்வுபெற்ற விலங்கியல் விரிவுரையாளர் என்ற முறையில் ஓர் எச்சரிக்கையோடு இந்த உரையாடலில் சேர்கிறேன். மன்னார்க் கடல் அவர்கள் “என்று சொல்பவர்கள் உண்டு” என எழுதியது எனக்கு நிறைவளித்தது. ஏனெனில் ஓர் உறுப்பு இன்று ஒரு பயனைத் தருகிறது என்பதனாலேயே அது அந்தப் பயனுக்காகத் தோன்றியது என முடிவுகட்டிவிடுவது கூர்ப்புப் பற்றிய எழுத்துகளில் மிகப் பரவலான பிழை.

தென்னமெரிக்காவிலும் மத்திய அமெரிக்காவிலும் வாழும் மூவிரல் ஸ்லோத்தை எடுத்துக்கொள்வோம். மரத்தின் உச்சியில் இலைகளை உண்டு வாழும் இந்த முலையூட்டி, ஏறத்தாழ வாரத்துக்கு ஒருமுறை மலங்கழிப்பதற்காக மட்டும் தரைக்கு இறங்கி வருகிறது. தரையில் அது முற்றிலும் ஆதரவற்றது. இரைகௌவிகளிடம் சிக்கும் ஆபத்து அங்குதான் மிகுதி. பிறகு ஏன் இறங்குகிறது? 2014 இல் வெளிவந்த ஓர் ஆய்வு இவ்வாறு விளக்கியது: அதன் உரோமத்தில் வாழும் அந்துப்பூச்சிகள் அந்த மலத்தில் முட்டையிடுகின்றன, வளர்ந்த பூச்சிகள் மீண்டும் உரோமத்துக்கு வந்து, அங்கேயே மடிந்து நைதரசனைச் சேர்க்கின்றன, அந்த உரத்தில் பச்சை அல்காக்கள் செழிக்கின்றன, ஸ்லோத் அந்த அல்காக்களை உண்டு குறைந்த சத்துள்ள தன் இலையுணவை ஈடுசெய்கிறது. கேட்பதற்கு அழகான சங்கிலிதான். ஆனால் ஸ்லோத் உண்மையில் எவ்வளவு அல்காவை உண்கிறது என்பது இன்றும் விவாதத்துக்குரியது. இனத்தின் பிற உறுப்பினர்களுக்கு மணத்தால் செய்தி விடுக்கவே இறங்குகிறது என்ற மாற்று விளக்கமும் இருக்கிறது. உரோமத்தில் படர்ந்த பச்சை நிறம் இலைகளோடு கலந்து நிற்க உதவுகிறது என்பது மட்டும் எவருக்கும் விளங்கக்கூடியது.

நான் சொல்ல வருவதற்கு இதைவிடவும் வலுவான சான்று ஆமையின் ஓடு. ஓடு பாதுகாப்புக்காகத் தோன்றியது என்று நாம் அனைவரும் இயல்பாகவே எண்ணுகிறோம். ஆனால் அது தோலின்மேல் பூட்டிய கவசம் அன்று. அகன்று விரிந்த விலா என்புகளும் முள்ளந்தண்டும் ஒன்றிணைந்தே மேலோடு ஆகியிருக்கிறது. ஏனைய முள்ளந்தண்டுளிகளில் தோள் என்பு விலாக்கூட்டுக்கு வெளியே இருக்க, ஆமையில் அது உள்ளே இருக்கிறது. சீனாவில் கிடைத்து 2008 இல் விவரிக்கப்பட்ட, ஏறத்தாழ 22 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒடொன்டொகெலிஸ் என்ற புதைபடிவத்தில் வயிற்றுப்புற ஓடு முழுமையாக இருக்கிறது. முதுகில் முழு ஓடு இல்லை. வாயில் பற்கள் இருக்கின்றன. அதற்கும் முற்பட்ட, ஏறத்தாழ 26 கோடி ஆண்டுப் பழைமையுள்ள யூனொட்டொசோரஸ் என்ற தென்னாபிரிக்கப் புதைபடிவத்தில் ஓடே இல்லை. விலா என்புகள் மட்டும் பட்டையாக அகன்றிருக்கின்றன. அந்த விலங்கின் முன்னங்கால்கள் மண்ணைத் தோண்டுவதற்கு ஏற்றவையாக இருந்ததால், அகன்ற விலாக்கள் முதலில் தோண்டும்போது உடலை உறுதியாக நிறுத்தவே பயன்பட்டிருக்க வேண்டும் என 2016 இல் ஓர் ஆய்வுக் குழு முன்மொழிந்தது.

இதில் நமது விடயத்துக்கு மிக முக்கியமான செய்தி ஒன்று உண்டு. விலாக்கள் அகன்றால் மார்பு விரிந்து சுருங்க முடியாது. நடக்கும்போது உடல் பக்கவாட்டில் வளையவும் முடியாது. அதாவது மூச்சும் வேகமும் தடைப்படும். ஆமையின் மூதாதை ஓடு கிடைத்ததால் சோம்பி மந்தமாகவில்லை. தோண்டி வாழும் வாழ்வுக்காக வேகத்தை விலையாகக் கொடுத்தது. கொடுத்த விலைக்குப் பல இலட்சம் தலைமுறைகள் கழித்துக் கவசமும் கிடைத்தது.

கவசத்துக்கு ஒரு குறை உண்டு. மல்லாந்து விழுந்த ஆமை வெயிலில் கிடந்து இறக்க நேரிடும். ஹங்கேரிய அறிஞர்களான டொமொகோஷும் வார்கொன்யியும் 2006 இல் எந்தப் பக்கமாக வைத்தாலும் தானாகவே உருண்டு ஒரே நிலைக்குத் திரும்பிவிடும் ஒரு திண்ம வடிவத்தை உருவாக்கினார்கள். உள்ளே பாரம் எதுவும் கிடையாது; முழுவதும் வடிவத்தின் வேலை. பின்னர் ஆமைகளின் ஓடுகளை அளந்தபோது, உயர்ந்து குவிந்த ஓடுள்ள நட்சத்திர ஆமை அந்த வடிவத்துக்கு வியக்கத்தக்க அளவு நெருங்கி வருவதைக் கண்டார்கள். நமது வறண்ட வலயக் காடுகளில் திரியும் அதே நட்சத்திர ஆமைதான். குட்டையான கால்களால் புரட்ட முடியாத உடலை அதன் ஓட்டின் வளைவே பெரும்பங்கு புரட்டிவிடுகிறது. தலையும் காலும் ஒரு சிறு உந்துதலைக் கொடுத்தால் போதும்.

தலங்கம நடை

ஐயாவின் எச்சரிக்கையை ஏற்றுக்கொண்டு, பரிசோதனையால் நன்கு நிறுவப்பட்ட ஒன்றைச் சொல்கிறேன். அது நத்தையைப் பற்றியது.

ஈரநிலங்களைக் காப்பதற்கான ராம்சார் உடன்படிக்கையின் கீழ் கொழும்பு 2018 இல் ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்டது என்பதை இங்கு பலர் அறிந்திருப்பீர்கள். தலங்கம வாவிக் கரையில் காலையில் நின்றால், நத்தைகுத்தி நாரை சேற்றில் அலகை விட்டுத் துழாவி நன்னீர் நத்தையை வெளியே எடுப்பதைக் காணலாம். அதன் மேலலகும் கீழலகும் நடுவில் பொருந்துவதில்லை, இடைவெளி தெரியும். கீழலகின் நுனியை ஓட்டு வாயிலுக்குள் செலுத்தித் தசையை அறுத்து, ஓட்டை உடைக்காமலே சதையை உருவி எடுத்துவிடுகிறது. அந்த நத்தைக்கு வாயிலை அடைக்கும் மூடியொன்று இருக்கிறது. குளம் வற்றினால் சேற்றில் புதைந்து மூடியை இறுக்கிக்கொண்டு மழைவரை காத்திருக்கும். நீரில் சுவாசிக்கப் பூவும் (செவுள்) காற்றில் சுவாசிக்க நுரையீரலும் இரண்டுமே அதற்கு உண்டு. வரட்சிக்கு அது போதும், நாரைக்குப் போதாது. ஆகவே எண்ணிக்கையால் ஈடுசெய்கிறது.

யப்பானின் தெற்கே உள்ள யயேயாமாத் தீவுகளில் நடந்தது இதைவிட நுட்பமானது. அங்கே நத்தைகளை மட்டுமே உண்டு வாழும் இவாசாக்கிப் பாம்பு என்றொரு சிறு பாம்பு இருக்கிறது. அது நத்தையின் மென்னுடலைக் கவ்வி, கீழ்த்தாடையின் இரு பக்கங்களையும் மாறி மாறி இழுத்து உடலை உருவி எடுக்கும். பெரும்பாலான நத்தைகளின் ஓடு வலப்புறமாகச் சுருண்டிருப்பதால், அந்தப் பாம்பின் தாடையும் அதற்கேற்பவே கோணலாகக் கூர்ப்படைந்திருக்கிறது: கீழ்த்தாடையின் வலப்புறத்தில் ஏறத்தாழ 25 பற்களும் இடப்புறத்தில் ஏறத்தாழ 18 பற்களும் இருக்கின்றன. மசாக்கி ஹோசோ என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2007 இலும் 2010 இலும் வெளியிட்ட ஆய்வுகளில், இடப்புறம் சுருண்ட ஓடுள்ள நத்தைகளை இந்தப் பாம்பிடம் விட்டபோது அவற்றில் பெரும்பாலானவை தப்பிவிட்டன. தாடை தவறான பக்கத்தில் பிடிக்கிறது, பிடி நழுவுகிறது, நத்தை தன் வேகத்திலேயே நகர்ந்து போய்விடுகிறது. இத்தகைய பாம்புகள் வாழும் பகுதிகளில் இடப்புறம் சுருண்ட நத்தை இனங்கள் கூடுதலாகக் காணப்படுகின்றன என்பதையும் அவர்கள் காட்டினார்கள்.

சுருளின் திசை மாறிய ஓடு எவ்வளவு அரியது என்பதை நமது மக்களுக்கு விளக்கத் தேவையில்லை. மன்னார்க் குடாவில் எடுக்கும் பல்லாயிரம் சங்குகளுக்கு இடையே ஒரு வலம்புரி கிடைத்தால் அதைப் பூசையறையில் வைக்கிறோம் (பெயரில் வலம் இருந்தாலும் உயிரியலார் கணக்கில் அது இடப்புறம் சுருண்ட சங்கு). கடலில் அரிய விபத்தாக நின்றுவிடும் அதே மாற்றம், அந்தத் தீவுகளில் ஒரு பாம்பின் பல் வரிசை காரணமாக ஓர் இனத்தின் வழமையாகிவிட்டது.

இரைகௌவிக்கு உணவாகியும் பிழைக்கும் நத்தை ஒன்றும் உண்டு. யப்பானின் ஹஹாஜிமா தீவில் வாழும், 2.5 மில்லிமீற்றர் அளவே உள்ள ஒரு தரை நத்தையை வெள்ளைக்கண்ணிக் குருவிகளுக்கு உணவாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 2011 இல் வெளியான முடிவின்படி, விழுங்கப்பட்ட நத்தைகளில் ஏறத்தாழ 15 சதவீதமானவை எச்சத்தோடு உயிருடன் வெளிவந்தன. அவற்றுள் ஒன்று வெளிவந்த பின்னர் குஞ்சும் ஈன்றது. தன் வாழ்நாளில் சில மீற்றர் தூரமே ஊரக்கூடிய உயிர், பறவையின் குடலினுள் அமர்ந்து காடு கடந்து செல்கிறது. உடல் அத்தனை சிறிதாக இருப்பதனால்தான் அரைபடாமல் தப்புகிறது; சற்றுப் பெரிதாக இருந்திருந்தால் நொறுங்கியிருக்கும். இதே முறையில், பறவைக்கு ஊட்டிய குச்சிப்பூச்சியின் கெட்டியான முட்டைகள் சில அதன் எச்சத்தில் சிதையாமல் வந்து பொரித்ததையும் 2018 இல் யப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

மதி (வெள்ளவத்தை)

சிறிய உடலைப் பற்றிய பேச்சு வந்துவிட்டதால், நீர்க்கரடியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மதிற்சுவரில் காய்ந்து கருகிக் கிடக்கும் பாசியைப் பெயர்த்து, கண்ணாடிக் கிண்ணத்தில் நீரூற்றி ஓரிரவு ஊறவைத்துப் பிழிந்து, அந்த நீரைப் பாடசாலை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தால், பொறுமையுள்ளவர்களுக்கு அது தென்படும். எட்டுக் கட்டைக் கால்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் நகங்கள், கண்ணாடி போன்ற உடலினுள் பச்சையாகத் தெரியும் உணவு. பாசி இழையைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து, வழுக்கி, மீண்டும் பற்றி நகரும் அதைப் பார்த்த மாணவர்கள் வரிசையில் அடுத்தவருக்கு இடம்விட மறுத்ததைக் கண்டிருக்கிறேன்.

சுவர் காயும்போது அது ஓடி ஒளிய இடமில்லை. கால்களை உள்ளிழுத்து, உடலைச் சுருக்கி, தன்னிடமுள்ள நீரை ஏறத்தாழ முழுவதும் இழந்து, ஒரு பீப்பாய் வடிவ உருண்டையாகிவிடுகிறது. அந்த நிலையில் அனுசேபம் அளவிட முடியாத அளவுக்குத் தாழ்ந்துவிடும். கலங்களினுள் நீர் இருந்த இடத்தை நிலையான வடிவமில்லாத சிறப்புப் புரதங்கள் நிரப்பிக் கண்ணாடிபோல் உறைந்து, ஏனைய மூலக்கூறுகள் குலையாமல் காக்கின்றன என 2017 இல் ஓர் ஆய்வு விளக்கியது. அதற்கு முந்திய ஆண்டு யப்பானிய ஆய்வாளர்கள், பரம்பரையலகுப் பொருளைச் சுற்றிப் போர்த்திக் கதிர்வீச்சிலிருந்து காக்கும் டிசப் என்ற புரதத்தை ஓர் இனத்தில் கண்டறிந்தார்கள். அந்தாட்டிக்காவில் 1983 இல் எடுத்து உறையவைத்த பாசியிலிருந்த நீர்க்கரடி, 30 ஆண்டுகளுக்குப் பின்னர் உருகவைத்தபோது எழுந்து நடந்து முட்டையிட்டது. 2007 இல் விண்வெளியின் வெற்றிடத்துக்கு அனுப்பப்பட்டவற்றில் பலவும் உயிரோடு திரும்பின.

இணையத்தில் இதனை “அழியாத உயிர்” என்று எழுதுகிறார்கள், அது சரியன்று. உலர்ந்த நிலையில்தான் இந்த வலிமை. நீரில் நடமாடும் நிலையில், நன்கு ஆராயப்பட்ட ஓர் இனத்தை 37 பாகை செல்சியஸ் சூட்டில் 24 மணிநேரம் வைத்தபோது ஏறத்தாழ அரைவாசி இறந்துவிட்டதாக 2020 இல் அறிக்கையிட்டார்கள். விண்வெளியைத் தாங்கும் உயிர் ஒரு வெப்பமான நாளின் வெந்நீரைத் தாங்காது. ஏனெனில் அது கூர்ப்படைந்தது விண்வெளிக்காக அன்று. நனைந்தும் காய்ந்தும் மாறிக்கொண்டிருக்கும் ஒரு பாசித் திட்டுக்காக.

இயல் ஆய்வன்

ஒரு சிறு இணைப்பு மட்டும். சிறுமையும் மந்தமும் எப்பொழுதும் ஒன்றாக வருவதில்லை. கொழும்பு வீடுகளின் சமையலறை ஓரத்தில் இரவில் கிச்சிடும் மூஞ்சூறு சிறியது. ஆனால் ஓயாமல் ஓடுவது. உடல் சிறுக்கச் சிறுக்க, கனவளவோடு ஒப்பிடும்போது மேற்பரப்பு மிகுந்து வெப்பம் விரைந்து வெளியேறுவதால், வெப்பக் குருதியுள்ள சிறு விலங்கு இடைவிடாமல் உண்ண வேண்டும். மூஞ்சூற்றின் உறவினமான, 2 கிராம் அளவே உள்ள எட்ரஸ்கன் மூஞ்சூற்றின் இதயம் நிமிடத்துக்கு ஆயிரம் தடவைக்கும் மேலாகத் துடிக்கிறது. அத்தகைய வாழ்வுக்குச் சில மணிநேரப் பட்டினியே மரணம். தேவாங்கு அந்தப் பாதையில் போகவில்லை; வரவு குறைவாக இருந்தாலும் தாக்குப்பிடிக்கும்படி செலவைச் சுருக்கிக்கொண்டது. இரண்டு பாதைகளும் வெற்றிபெற்றிருக்கின்றன.

மன்னார்க் கடல்

ஐயா, ஒரு விடயம் என்னை வருத்துகிறது. இத்தனை கோடி ஆண்டுகளாக வேலை செய்த தற்காப்புகள் எல்லாம் மனிதனுக்கு முன்னால் ஏன் இப்படித் தோற்றுப்போகின்றன? வன்னியில் அழுங்கைக் கண்டிருக்கிறேன். ஆபத்தை உணர்ந்தவுடன் தலையை வயிற்றோடு அணைத்து, வாலால் மூடி உருண்டைபோல் சுருண்டுவிடுகிறது. நகத்துக்கு நிகரான பொருளால் ஆன செதில்கள் அடுக்கடுக்காக நிமிர்ந்து நிற்கும். சிறுத்தை புரட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும் என்பார்கள். வேட்டைக்காரனோ அதைக் குனிந்து எடுத்துச் சாக்கில் போட்டுக்கொள்கிறான். ஓடியிருந்தால்கூட அதற்கு ஒரு வாய்ப்பு இருந்திருக்கும். கடலட்டையும் அப்படித்தான்: சுழியோடி வருபவனின் கை நூலுக்கும் நஞ்சுக்கும் அஞ்சுவதில்லை.

இயல் ஆய்வன்

நீங்கள் கேட்டது இந்த இழையின் மிகக் கனமான கேள்வி. இயற்கைத் தேர்வுக்கு முன்னறிவு கிடையாது. கடந்த தலைமுறைகளில் எந்த இரைகௌவி எந்த முறையில் தாக்கியதோ அதற்கு எதிராகவே தற்காப்பு செதுக்கப்படுகிறது. பல்லாலும் நகத்தாலும் தாக்கும் விலங்குக்கு எதிராக அழுங்கின் சுருளல் ஏறத்தாழக் குறையற்றது. கையால் தூக்கிச் செல்லும் ஒரு விலங்கு அந்தக் கணக்கில் இல்லை. சாலையில் மணிக்கு நூறு கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனமும் இல்லை.

இதில் இன்னொரு தடை இருக்கிறது. இத்தகைய விலங்குகள் பெரும்பாலும் மெதுவாகவே இனம்பெருக்குகின்றன. அழுங்கு பொதுவாக ஒருமுறைக்கு ஒரு குட்டியை மட்டுமே ஈனும். நீண்ட காலம் வாழ்ந்து, ஆண்டுதோறும் சிறிதளவே இழந்து, அந்த இழப்பை மெல்ல ஈடுசெய்வது அவற்றின் வாழ்க்கைத் திட்டம். வளர்ந்தவற்றை ஒரேயடியாக அள்ளிச் சென்றால் அந்தத் திட்டமே உடைந்துவிடும். உலகின் எட்டு அழுங்கு இனங்களையும் சர்வதேச வணிகத்திலிருந்து முற்றாக விலக்க நாடுகள் 2016 இல் உடன்பட்டதற்குக் காரணம் இதுதான். நட்சத்திர ஆமைக்கு அதே பாதுகாப்பு 2019 இல் கிடைத்தது.

தேவாங்கின் நிலை வேறு வகையானது. அதனால் பாய முடியாது. கிளையிலிருந்து கிளைக்குக் கைநீட்டியே போக வேண்டும். காடு துண்டாடப்பட்ட இடங்களில் அது மின்கம்பியைக் கிளையாகக் கருதிப் பற்றிக்கொள்கிறது. விடாமல் பற்றும் அந்தக் கையே அங்கு அதற்கு எமனாகிறது. ஹோட்டன் சமவெளிப் பகுதியில் வாழ்ந்த அதன் மலைநாட்டு வகை அற்றுப்போய்விட்டதாகவே கருதப்பட்டு, பல தசாப்தங்களின் பின்னர் முதன்முறையாக ஒளிப்படமாகப் பதிவுசெய்யப்பட்ட செய்தி 2010 இல் வெளியானபோது நாங்கள் அடைந்த மகிழ்ச்சி சொல்லி மாளாதது. ஆனால் அது வாழ எஞ்சியிருப்பவை மிகச் சிறிய காட்டுத் துண்டுகளே. வேலியோரத்து மரங்களின் கிளைகள் ஒன்றையொன்று தொடும்படி விட்டுவைப்பது இத்தகைய விலங்குக்கு நாம் செய்யக்கூடிய மிக எளிய உதவி. கொழும்பைச் சுற்றியுள்ள மாவட்டங்களில் பழைய தோட்டங்களை வெட்டித் துப்புரவாக்கும் ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்ல வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

உயர்தர மாணவன்

அனைவருக்கும் நன்றி. தலங்கம நடை அண்ணாவிடம் ஒரு சந்தேகம். இடப்புறம் சுருண்ட நத்தையால் வலப்புறம் சுருண்ட நத்தையோடு இணைசேர்வது கடினம் என்று வாசித்தேன். உறுப்புகள் எதிர்ப் பக்கத்தில் இருக்குமாம். அப்படியானால் பரம்பரையலகில் நேரும் பிறழ்வினால் முதன்முதலில் தோன்றிய ஒரு தனி நத்தை பாம்பிடமிருந்து தப்பினாலும், இணையின்றியே இறந்துவிடுமே? அது எப்படி ஓர் இனமாகப் பெருகியது?

தலங்கம நடை

தம்பி, சரியான இடத்தில் கைவைத்திருக்கிறாய். விடை, சுருளின் திசை பரம்பரையாக வரும் விதத்தில் இருக்கிறது. நத்தையின் ஓடு எந்தப் பக்கம் சுருளும் என்பதை அந்த நத்தையின் சொந்தப் பரம்பரையலகுகள் தீர்மானிப்பதில்லை. அதன் தாயினுடையவை தீர்மானிக்கின்றன. 1923 இலேயே ஆல்பிரட் ஸ்டர்ட்டெவன்ட் குளத்து நத்தைகளைக் கொண்டு இதனை எடுத்துக்காட்டினார். தாய் முட்டைக்குள் இட்டு அனுப்பும் பொருள்கள்தாம் கருவின் முதல் சில கலப்பிரிவுகளில் கலங்கள் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதை வகுக்கின்றன. அதற்குரிய பரம்பரையலகைக் குளத்து நத்தையில் 2016 இல் கண்டறிந்து, 2019 இல் அதனைச் செயலிழக்கச் செய்து இடப்புறச் சுருளைச் செயற்கையாகவே உருவாக்கிக் காட்டினார்கள்.

ஆகவே பிறழ்வைச் சுமக்கும் முதல் நத்தை வெளியே பார்ப்பதற்கு மற்றவற்றைப் போலவே வலப்புறம் சுருண்டிருக்கும். இணைசேர்வதில் அதற்குத் தடையே இராது. பிறழ்வு வெளியே தெரியாமல் தலைமுறைகள் கடந்து சிறிது பரவ முடியும். பின்னர் உரிய சேர்க்கை அமைந்த ஒரு தாய் முட்டையிடும்போது, அவளுடைய குஞ்சுகள் அனைத்துமே ஒருசேர இடப்புறம் சுருண்டு பிறக்கும். ஒன்றல்ல, ஒரு கூட்டமே பிறக்கிறது. தரை நத்தைகளில் பெரும்பாலானவை ஆண் பெண் இரு உறுப்புகளையும் ஓருடலிலேயே கொண்டவை. அவை வெகுதூரம் ஊர்ந்து போவதுமில்லை. எனவே அந்த உடன்பிறப்புகள் ஒரே மரத்தடியில் ஒன்றுக்கொன்று இணையாகக் கிடைக்கின்றன. வலப்புறம் சுருண்டவற்றோடு சேர முடியாமையே அவற்றைத் தனி இனமாகப் பிரித்துவிடுகிறது. பாம்பு இல்லாத தீவில் இந்தக் கூட்டம் சில தலைமுறைகளில் கரைந்துவிடக்கூடும். பாம்பு இருக்கும் தீவில் அதுவே பெருகுகிறது.